ஆற்றோரப் புல்வெளியின் சாட்சி

சைலஸ் தன் கறுப்புக் கோட்டைத் தூசி தட்டிக் கதவருகே மாட்டினான். அன்று மதியம் வரை வித்திஸ்லேட்டில் யாரும் சாகவில்லை.

"ஏதும் துக்கமா?" என்று கேட்டார் லிடன். எந்த நிலம் யாருக்கு என்று அளந்து தீர்ப்பெழுத லண்டனிலிருந்து வந்திருந்த கமிஷனர் அவர்.

"பூச்சி அரிக்குது ஐயா. காத்தாடட்டும்னு மாட்டினேன்."

ஏழே வீடுகள் கொண்ட அந்த ஊருக்கு எழுதிவைத்த வரலாறு கிடையாது. இருந்ததெல்லாம் எண்பத்து மூன்று வயது ஒபதியாவின் தலைக்குள்தான். சைலஸ் வேலி போட்டு வளைத்திருந்த ஆற்றோரப் புல்வெளி ஊருக்கே பொது என்பதற்கும் வேறு சாட்சி இல்லை.

"நேத்து கிழவர் என்னை எழுந்திருக்கவே விடல," லிடன் குறிப்பேட்டைப் புரட்டினார். "கொள்ளைநோய்ல மூடின கிணறு, போர்ல ஓடி வந்து ஒளிஞ்சவங்க, இருநூறு வருஷக் கதை! ஆனா, நாளைக்குப் பைபிள் மேல கை வெச்சுச் சொன்னாத்தான் செல்லும்."

"தாராளமா சொல்லட்டும். எங்க பகையும் இன்னியோட சரி. காலையிலயே என் வீட்டுக்காரி டாம்சின்கிட்ட ஆப்பிள் மது குடுத்தனுப்பிட்டேன்."

கூஜாவில் மதுவோடு வேறென்ன கலந்திருந்தது என்பது டாம்சினுக்குத் தெரியாது.

"அவங்க இன்னும் திரும்பலையா?"

"கிழவர் வீட்டுக்குப் பக்கத்துலதான் அவ அக்கா வீடு. முப்பத்தொரு வயசாச்சு, இன்னும் அக்கா முந்தானையை விட்டபாடில்ல. பொழுது சாஞ்சாத்தான் வருவா."

லிடன் சிரித்தபடி இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். "பகை தீர்க்க மது கொண்டுபோறவங்க முதல் குவளையைத் தானே குடிச்சுக் காட்டணுமாமே, இந்த ஊர்ல?"

"அதெல்லாம் எங்க பாட்டன் காலத்தோட போச்சு ஐயா. இப்ப யாரு பார்க்குறா?"

அப்போது தேவாலய மணி ஒருமுறை ஒலித்தது. கனமாக, இடைவெளி விட்டு, இன்னொன்று.

லிடன் நிமிர்ந்தார். "இதென்ன, சாவு மணியா?"

"ஆமாய்யா. ஆம்பளைன்னா ஒன்பது, பொம்பளைன்னா ஆறு. கொஞ்சம் நின்னு, அப்புறம் வயசுக்கு ஒண்ணா அடிப்பாங்க." சைலஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "ஒபதியாவாத்தான் இருக்கும். வாழ்ந்து முடிச்ச கட்டை. பாவம், நாளைக்கு வந்து நாலு வார்த்தை சொல்லக் குடுத்து வைக்கல."

லிடன் மணியை எண்ணத் தொடங்கியிருந்தார். அளப்பதும் எண்ணுவதுமே தொழிலாகிப்போன மனிதர். பென்சில் முனை காகிதத்தில் ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருந்தது.

சைலஸுக்கு எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. எண்பத்து மூன்று அடி விழுந்து முடிய வெகுநேரம் ஆகும். நிதானமாகக் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினான். முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டான்.

கடைசிப் பொத்தானுக்கு விரல் போகும் முன்பே மணி நின்றுவிட்டது.

லிடன் கோடுகளை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"ஒபதியா இல்லீங்க. முதல்ல ஆறு, அப்புறம் முப்பத்தொண்ணு."