எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரம்

"இந்த ஊர்லயும் பேசினீங்கன்னா, சாயங்காலத்துக்குத் தொண்டை இருக்காது. சொல்லிட்டேன்."

லவீனியா சன்னல் திரையை இழுத்து மூடினாள். எதிர் இருக்கையில் அவள் கணவர் ஆர்வில் டாக்கெட், கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு சாய்ந்து கிடந்தார். அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு மூன்றாவது முறையாக நிற்கிற மனிதர். காலையிலிருந்து பதினொரு ஊர்களில், ரயிலின் கடைசிப் பெட்டி வாசலில் நின்று கத்தியாகிவிட்டது.

"எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்கப் பத்து நிமிஷம் நிக்கும். அதுக்குள்ள முடிச்சிடறேன்." குரல் தகரத்தைச் சுரண்டியது போல் வந்தது.

"போன ரெண்டு தேர்தல்லயும் இங்க பேசினீங்களே, என்ன ஆச்சு? கூட்டம் ஆயிரக்கணக்குல. ஓட்டு மட்டும் விரல் விட்டு எண்ற மாதிரி."

"ஓட்டுப் போடறவங்களை ரயில் கம்பெனிக்காரன் மிரட்டியிருப்பான். இப்பதான் ரகசிய ஓட்டு வந்துடுச்சே, இனிமே எவனுக்கும் பயப்பட வேண்டாம்."

"இதுலயும் தோத்தா?"

"வீட்டுக்குப் போயிடலாம். சத்தியமா இதான் கடைசி."

போன தடவையும் இதே சத்தியம்தான். லவீனியா வெந்நீரை நீட்டினாள்.

அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. சொந்தக் கட்டிலில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் தூங்கிப் பல வருஷமாகிறது. ஆனால் இந்த மாவட்டம் கைவிட்டால் கான்சாஸ் மாநிலமே போச்சு. கான்சாஸ் போனால் எல்லாமே போச்சு. எழுந்து வாசலுக்குப் போனார்.

வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் குதிரை வண்டிகள். கைக்குழந்தைகளோடு பெண்கள், கூடைகளில் பொரித்த கோழி. திருவிழாதான்.

அவர் வாயைத் திறந்தார். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"நீங்க வெயில்ல வேகறீங்க! கோதுமைக்கு விலை வைக்கிறது யாரு? கிழக்க பட்டணத்துல, நிழல்ல உக்காந்திருக்கிறவன்!"

தொப்பிகள் ஆகாயத்தில் பறந்தன. மழை பொய்த்தபோதுகூட அழாத ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஊதல் ஒலித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு விவசாயி ஓடி வந்து, அவர் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

"நான் எனோக்குங்க ஐயா. நாப்பது மைல் வண்டி கட்டிக்கிட்டு வந்தோம், குடும்பத்தோட. மூணு தடவையும் வந்திருக்கேன். எங்களையும் மனுஷனா மதிச்சு இந்தக் காட்டுக்கு வர்றது நீங்க ஒருத்தர்தான். நாலு வருஷத்துக்கு உங்க பேச்சைச் சொல்லிச் சொல்லித்தான் காலத்த ஓட்டுவோம்."

டாக்கெட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை அலுப்புக்கும் இது போதும் என்று தோன்றியது.

"அப்ப இந்தத் தடவை ஓட்டு எனக்குத்தானே, எனோக்?"

எனோக்கின் முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னய்யா இப்படிக் கேட்டுட்டீங்க! ஜெயிச்சுப் போன எவனாவது வாஷிங்டனை விட்டு இந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்கானா?"

ரயில் நகர்ந்தது. எனோக் கையை விடாமல் கூடவே ஓடினார்.

"கவலையே படாதீங்க ஐயா! ஒவ்வொரு தேர்தலுக்கும் நானே வீடு வீடாப் போய்ச் சொல்லி வச்சிடறேன், ஒருத்தரும் உங்களுக்குப் போடக் கூடாதுன்னு. அடுத்த தடவையும் நீங்க கண்டிப்பா வரணும்!"