சட்டையில் கறை

"யாருடி அவன்?"

துவைக்க எடுத்த மகளின் சட்டையை விரித்துப் பிடித்தபடி நின்றாள் அம்மா. மார்புப் பக்கம் இரண்டு வெள்ளைக் கறை, கஞ்சி போட்டது மாதிரி விறைத்துப் போயிருந்தது.

சில நாளாக மகள் மூடி மறைத்த விஷயம் அது.

"யாரும் இல்லம்மா. என்னன்னு எனக்கே புரியல."

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்குப் பால் சுரக்குது. நாளும் தள்ளிப் போயிருக்கு. இதுல புரிய என்ன இருக்கு? தலை நிமிர்ந்து தெருவுல நடக்க வெச்சியாடி என்னை?"

அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. முன்பெல்லாம் அப்படியில்லை. பல்செட் செய்யும் இடத்தில் வேலை அவளுக்கு. வெளியூரில் இதைவிடப் பெரிய இடத்தில் கூப்பிட்டார்கள். போயே தீருவேன் என்று இவளும், என்னை விட்டுட்டு எங்கேயும் போகக்கூடாது என்று அம்மாவும் வீடு அதிரச் சண்டை போட்டார்கள்.

இப்போது அதை நினைக்கக்கூடத் தெம்பில்லை. மெழுகில் பல் பதிக்கும்போதே கண் சொக்குகிறது. முன்பல்லைக் கடைவாயில் வைத்து முதலாளியிடம் திட்டு வாங்கினாள்.

'சண்டைக்காரி ஒரு வழியா அடங்கிட்டா' என்று அக்கம்பக்கத்தில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மகளுக்கு ஒரே பயம். மார்பில் கட்டியோ? இல்லை, இந்தத் தூக்கக் கலக்கத்தில் தனக்கே தெரியாமல் ஏதாவது நடந்துவிட்டதோ? தன்னையே நம்ப முடியவில்லை அவளுக்கு.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்தார்.

"கர்ப்பம் இல்லை."

"நல்லா பாத்தீங்களா டாக்டர்?" என்றாள் அம்மா.

"நல்லாவே பாத்தாச்சு. கட்டியும் இல்லை. ஆனா பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் எக்கச்சக்கமா ஏறியிருக்கு."

"ஏன் டாக்டர்?" என்றாள் மகள்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. டோபமைன்னு ஒரு ரசாயனம் அந்தச் சுரப்பியோட ஏற்பிகள்ல, அதாவது பூட்டுத் துளை மாதிரி இருக்கிற இடங்கள்ல, போய் ஒட்டிக்கிட்டு அந்த ஹார்மோனை அடக்கி வைக்கும். சில மாத்திரைங்க அந்த ஏற்பிகளை அடைச்சுடும். அடக்க ஆளில்லாம பால் சுரந்துடும். மூளையிலயும் அதே ஏற்பிங்க இருக்கு. அங்க அடைச்சா ஆசை, வேகம் எல்லாம் மங்கிப் போகும். உனக்கு எப்பவும் அசதியா இருக்கா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"ஆமா டாக்டர்."

"என்ன மாத்திரை சாப்பிடறே?"

"தலைவலிக்குக்கூட எதுவும் போடறதில்ல."

"வீட்ல யாராவது மனநல மருந்து சாப்பிடறாங்களா?"

"அத்தை சாப்பிடறாங்க. அவங்களுக்குக் காதுல யாரோ பேசற மாதிரி கேக்கும். ஆனா மாத்திரை மாறிப்போக வழியே இல்ல டாக்டர். அம்மாதான் பீரோவுல வெச்சுப் பூட்டி, வேளாவேளைக்கு எடுத்துக் குடுப்பாங்க."

நீயே சொல்லும்மா என்பது போல அம்மா பக்கம் திரும்பினாள்.

அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதே. நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா எது உள்ள போகுதுன்னு தெரிஞ்சாத்தானே நிறுத்த முடியும்?"



அம்மாதான் மெல்ல வாயைத் திறந்தாள்.

"காபியில கலந்து குடுத்தா… அதுகூடவா இப்படிப் பண்ணும் டாக்டர்?"