கொடுக்கத் தெரியாத பிள்ளை

“கருங்கல் கை! விரலைப் பிரிச்சாலும் பிரியாத கை! இப்படி ஒரு கஞ்சப் பிள்ளையை நான்தான் பெத்தேனா?”

அராமேயின் குரல் முற்றத்தின் மறுகோடி வரை கேட்டது. நண்பகல் தொழுகை முடிந்து, சோற்றுத் தாலத்தைச் சுற்றி அமர்ந்திருந்த பெண்களும் பிள்ளைகளும் கையை நிறுத்தினர். ஆறு வயதுத் தும்பே தலைகுனிந்து நின்றாள்.

அராமே ஒரு கிண்ணத்தை எடுத்தாள். பொதுத் தாலத்திலிருந்தே சோற்றை அள்ளி நிரப்பினாள். அதன்மேல் மீனின் நடுத்துண்டு. அதற்கும் மேல், பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் அடிப்பிடித்த சோற்றில் ஒரு பெரிய வில்லை.

“போ! பெந்தா பெரியம்மா வாசல்ல போய் உட்காரு. கொடுக்கிறது எப்படின்னு அவங்க சொல்லித் தரட்டும். கிண்ணம் காலியாகாம இங்க வராதே!”

தும்பே கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள்.

“கருங்கல் கை! கருங்கல் கை!” என்று மற்றப் பிள்ளைகள் ராகம் போட்டனர்.

டக்கார் நகரிலிருந்து விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் கினேவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

“இது என்ன கூத்து, அராமே? தவழ்ற குழந்தைகிட்ட கையை நீட்டி ‘எனக்கு?’ன்னு கேட்போம். கொடுத்தா, ஒரு பருக்கையை வாயில போட்டுட்டு, மகாராசின்னு கொஞ்சி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்போம். அது பல்லு முளைக்கிறப்போ படிக்கிற பாடம். ஆறு வயசுக்காரிக்கா அது?”

“இன்னும் கத்துக்கலையே அக்கா, என்ன செய்ய?”

“யாரு கத்துக்கலை? காலையில நான் கொடுத்த பேரீச்சம்பழத்துல பாதியை ஆட்டுக்குட்டிக்கு ஊட்டினவ அவ!”

“ஆட்டுக்குக் கொடுத்தா ஆச்சா? மனுஷங்களுக்குக் கொடுக்கணுமே.”

“உன் நாக்குல தேள்தான் குடியிருக்கு. அது கிடக்கட்டும், பெந்தாவுக்கு என்ன வந்துச்சு? ஒரு பருக்கை எடுக்கிறதுதானே முறை? அவ கிண்ணத்தையே துடைச்சுத் தின்னுடறாளாம். நேத்து நான் மரியாதையா ஒரு கிண்ணம் சோறு அனுப்பினேன். ‘வயிறு நிறைஞ்சிருக்கு, ஆண்டவன் புண்ணியம்’னு மூடியைக்கூடத் திறக்காம திருப்பி அனுப்பினா. பெரியவங்க கொடுத்தா கௌரவம் தடுக்குது, குழந்தை சோறுன்னா மட்டும் இனிக்குதோ?”

பெந்தா, அம்முற்றத்தின் கடைசி அறையில் தனித்து வாழும் கைம்பெண். அவளுடைய மகன்கள் மீன்பிடிக்கத் தென்கடலுக்குப் படகேறிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பணம் தவறாமல் வருகிறது என்றே அவள் எல்லோரிடமும் சொல்லி வந்தாள்.

“மெதுவா பேசுங்க அக்கா. அவங்க காதுல விழும்.”

“விழட்டுமே! நல்லா விழட்டும்!”

அராமே சட்டென எழுந்து வந்து கினேயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“என்னை என்ன வேணா சொல்லுங்க. அந்தக் கதவுப் பக்கம் மட்டும் உங்க குரல் போகக் கூடாது.”

“அப்போ இதைக் கேட்டுக்கோ. தும்பேவுக்குப் பேர் வெச்சவ நான், அவ அப்பனோட அக்கா. அவளை வளர்க்கிற உரிமை எனக்கும் உண்டு. கஞ்சப் பிள்ளைன்னு ஒரு பேர் ஒட்டிக்கிட்டா, நாளைக்கு எவன் அவளைக் கட்டுவான்? காலையில வண்டி ஏறறப்போ அவளையும் கூட்டிட்டுப் போறேன். டக்கார்ல என் வீட்டுல வளரட்டும்.”

கணவனின் தமக்கை சொன்ன சொல்லை மறுப்பதற்கு அவ்வீட்டில் எவருமில்லை. அராமே கண்களை இறுக மூடித் திறந்தாள்.

“கூட்டிட்டுப் போங்க. ஆனா, இங்க இருக்கிற வரைக்கும் அவ கிண்ணத்தை எடுத்துட்டுப் போவா. போய்த்தான் ஆகணும்.”

“கல்லு உன் பிள்ளை கையில இல்லடி, உன் நெஞ்சுல இருக்கு!”

கினே தோள்துணியை உதறிக்கொண்டு எழுந்து, பெந்தாவின் அறைச்சுவரை ஒட்டிப் போய் மறைந்து நின்றாள்.

வாசற்படியில் அமர்ந்திருந்த பெந்தா கையை நீட்டினாள். “எனக்கு?”

தும்பே ஒரு கவளம் உருட்டி வைத்தாள்.

“இதுக்குப் பேரு கொடுக்கிறதா? எறும்புக்கு வெச்ச மாதிரி இருக்கு! மீனோட சேர்த்துக் கொடு.”

“இந்தாங்க பெரியம்மா.”

“ம்... இப்போ கொஞ்சம் தேறுது. இன்னொரு தடவை செய், பார்ப்போம்.”

கிண்ணம் காலியாயிற்று. பிள்ளை ஒரு பருக்கையைக்கூடத் தன் வாயில் இட்டுக்கொள்ளவில்லை.

“இன்னும் கை பழகணும்டி. நாளைக்கும் வா” என்று பெந்தா எழுந்து உள்ளே போனாள்.

தும்பே திரும்பியதுதான் தாமதம், கினே அவளை ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் இழுத்துச் சென்றாள்.

“பசிக்குதாடி என் தங்கம்?”

“இல்லையே அத்தை. அம்மா முன்னாடியே அடுப்படியில எனக்கு ஊட்டிட்டாங்க.”

கினே திகைத்தாள். “ஊட்டிட்டாளா? அப்புறம் எதுக்கு ஒரு கிண்ணம் சோறு?... சரி, அதை விடு. நீ நல்லாத்தான் கொடுக்கிறே, என் கண்ணால பார்த்தேன். இப்போவே வா. ‘எனக்குக் கொடுக்கத் தெரியும்’னு முற்றத்துல எல்லார் முன்னாடியும் நின்னு சத்தமாச் சொல்லு. அந்தப் பேர் இன்னிக்கே ஒழியட்டும்.”

தும்பே கையை உருவிக்கொண்டாள். பெந்தாவின் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, அத்தையின் கழுத்தை வளைத்துக் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்:

“மாட்டேன் அத்தை. நான் கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா, பெரியம்மா அப்புறம் எப்படிச் சாப்பிடுவாங்க?”