பேசக் கூடாத மணி

"மணிய வார்த்ததும் உள்ள இருக்கற களிமண்ண எடுக்கவே கூடாது, தாவோ. ஓரத்த அராவவும் கூடாது. அடிச்சா கட்டையத் தட்டின மாதிரிதான் இருக்கணும்," என்றார் அரண்மனை அதிகாரி கோங்.

மணி வார்க்கும் தாவோ ஷுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இசை மண்டபத்துக்குப் போகும் மணி பாட வேண்டும். கல்லறைக்குப் போகும் மணி பாடக் கூடாது. செத்தவருக்கு ஊமை மணிதான் வைப்பார்கள். ஆனால் அரண்மனையில் யாரும் சாகவில்லையே?

கேட்டுவிட்டான். கோங்கின் முகம் கடுகடுவென்று ஆனது. இது இளவரசரின் உத்தரவு, யாருக்கு என்பது உனக்கு வேண்டாத வேலை, வெளியே மூச்சு விட்டால் தொலைந்தாய் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். வழக்கம்போல மணியில் உன் பெயரைப் பொறித்துவிடு என்று சொல்லவும் மறக்கவில்லை.

அந்த நாட்டில் செய்தவன் பெயரைப் பொறிப்பது பெருமைக்காக அல்ல. வேலையில் கோளாறு இருந்தால் யாருடைய காலை வெட்டுவது என்று தேடி அலையக் கூடாதல்லவா, அதற்காக.

தாவோவின் மனைவி லானுக்கு, யாருக்கு இந்த மணி என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. மன்னராக இருக்க முடியாது, அவர் நேற்றுக்கூடப் பன்றி வேட்டைக்குப் போனார். கடைசியில், பனிக்காலத்திலிருந்து படுக்கையில் கிடக்கும் மன்னரின் சித்தப்பாவுக்குத்தான் என்று அவளாகவே முடிவு கட்டினாள். உயிரோடு இருப்பவருக்குக் கல்லறைச் சாமான் செய்வதை யாராவது தண்டோரா போடுவார்களா?

வார்ப்பு அருமையாக வந்தது. அச்சை உடைத்ததும், முளை முளையாகக் குமிழ்களோடும் சுருள் சுருளாக நாகங்களோடும் மணி பளபளத்தது. அதை ஊமையாக விட தாவோவுக்கு மனசு வரவில்லை. சும்மா ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே என்று உள்ளே இருந்த களிமண்ணைச் சுரண்டினான். கேட்ட பிறகு கை நிற்குமா? சுரம் சேரும்வரை ஓரத்தை உள்பக்கமாக அராவுவதும் தட்டிப் பார்ப்பதுமாக உட்கார்ந்துவிட்டான்.

"பொதைக்கப் போற மணிக்கு எதுக்குய்யா பாட்டு? யாரு தோண்டி எடுத்து அடிச்சுப் பாக்கப் போறா?" என்றாள் லான்.

கோங் வருவதற்குள் களிமண்ணைத் திரும்ப அடைத்துவிடுவதாகச் சொல்லிச் சமாளித்தான்.

கோங் வரவில்லை. அதற்கு முன் வேறொருவர் வந்தார். அறுபது வயதிருக்கும், அகன்ற தோள், உடம்பெல்லாம் பாதைப் புழுதி. அரண்மனையிலிருந்து வருகிறேன், மணியைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டறையை விட்டு வெளியே போகாத தாவோவுக்கு அரண்மனையில் கோங்கைத் தவிர யாரையும் தெரியாது. கோங் அனுப்பிய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டான்.

வந்தவர் மணியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏன்யா, ரெண்டு பக்கமும் அமுக்கின மாதிரி இருக்கே. உருண்டையா வார்க்க வராதா உனக்கு?"

தாவோவுக்குச் சுருக்கென்றது. பயம், உத்தரவு, களிமண் எல்லாம் மறந்துபோனது. உருண்டை மணி அழுதுகொண்டே இருக்கும், ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து குழம்பும் என்றான். தட்டையான மணி தன் பேச்சை முடித்துக்கொண்டு சட்டென்று அடங்கும், அதோடு அதற்குள் இரண்டு சுரம் இருக்கும் என்று விளக்கினான்.

"ஒரே மணியில ரெண்டா? கதை விடாத. அடிச்சுக் காட்டு."

தாவோ மரச்சுத்தியால் நடுவில் தட்டினான். கனமான ஒரு சுரம் எழுந்து அடங்கியது. பக்கவாட்டில் தட்டினான். அதே மணியிலிருந்து வேறொரு சுரம், கொஞ்சம் மேலே, தெளிவாக வந்தது. வந்தவர் சுத்தியைப் பிடுங்கித் தானே மாற்றி மாற்றித் தட்டினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எவனெவனோ வந்து இந்த மணியப் பத்தி என்னென்னமோ ஓதினான். நல்லவேளை, நானே நேர்ல வந்தேன்," என்று சொல்லிச் சிரித்தார். லான் கொடுத்த தாமரைக்கிழங்கு சூப்பையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

லான் புருஷனை உலைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"அறிவிருக்காய்யா உனக்கு? மணி ஊமையா இருக்கான்னு பாக்க வந்த ஆளுக்குக் கச்சேரி பண்ணிக் காட்டியிருக்க. அவரு போய்ச் சொல்றதுக்குள்ள கால்ல விழு."

தாவோவுக்கு உள்ளங்கால் கூசியது. ஓடிப்போய் விழுந்தான்.

"ஐயா, என் கால எடுத்துடாதீங்க. இளவரசரு ஏதோ ஒரு கல்லறைக்குன்னு ஊமை மணிதான் கேட்டாரு. நான்தான் ஆசைப்பட்டுப் பாட வெச்சுட்டேன். இப்பவே மண்ண அடைச்சுடறேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வந்தவர் சூப்பைக் குடிப்பதை நிறுத்தினார். யார் கல்லறைக்கு என்று மெதுவாகக் கேட்டார்.

"அத யாரும் சொல்லலீங்க. மன்னரோட சித்தப்பாவுக்குத்தான் இருக்கும்னு நாங்களா நினைச்சுக்கிட்டோம்."

அவர் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, பயப்படாதே, உன் காலுக்கு ஒன்றும் ஆகாது என்று தாவோவைத் தூக்கி நிறுத்தினார்.

"என் சித்தப்பாவுக்கு வேண்டியதெல்லாம் நானே எப்பவோ செஞ்சு வெச்சுட்டேன்," என்றார். "இது எனக்குன்னு என் பையன் செய்யச் சொன்னது."