நடுவில் விழாத ஈ

மிட்டாய்க் கடை மூலையில் வலை கட்டியிருந்த சிலந்திக்குப் பசி காதை அடைத்தது. அந்த நேரம் பார்த்து, ஜிலேபி தின்று கொழுத்த ஈ ஒன்று பறந்து வந்து வலையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது.

சிலந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்ப்பா, அவ்வளவு அழகா நடு இருக்கே, கண்ணு தெரியல? இப்படி ஓரத்துல வந்து விழுந்தா வலை ஒரு பக்கமா இழுக்காதா?"

"தப்புதாண்ணே," என்றது ஈ, நடுங்கிக்கொண்டே. "அவுத்து விட்டீங்கன்னா, திரும்ப வந்து சரியா நடுவுல விழறேன்."

"அதுதான் முறை," என்று சிலந்தி பொறுமையாக ஒவ்வொரு நூலாக அவிழ்த்துவிட்டது. அறுந்த இடத்தையும் ஒட்டிச் சரிசெய்துவிட்டு, "ம், இப்ப வா," என்றது.

ஈ எதிர்ச் சுவரில் உட்கார்ந்து முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. நடுக்கம் நின்றுவிட்டிருந்தது.

"வரலாம்ணே. ஆனா இங்கேருந்து பார்த்தா, உங்க வலையோட நடுப்புள்ளியே ஒரு மயிரிழை இடது பக்கமா தள்ளி இருக்கே?"

சிலந்தி பதறி நடுவுக்கு ஓடியது. "ஐயையோ! இரு, இரு, இப்ப வந்துடாதே!" என்று கத்திக்கொண்டே வலை முழுவதையும் பிரிக்கத் தொடங்கியது.

"அவசரமே இல்லண்ணே, நிதானமா பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு, ஈ மறுபடி ஜிலேபித் தட்டுக்குப் போனது.