திபோவின் தாள்

"அந்தத் திபோ எழுதின வரி ஏழு பேர் பேர்ல வந்திருக்கு. அதுவும் மூணு கட்சி. என் வரியைச் சீண்ட ஆள் இல்ல," என்றார் லீவன், கையிலிருந்த காகிதக் கட்டை மேஜைமேல் போட்டபடி.

எல்கெ தலையை நிமிர்த்தவில்லை. அவருடைய அலுவலகத்தில் நாலு வருஷமாக உதவியாக இருக்கிறாள். இந்தப் புலம்பல் அவளுக்குப் பழகிப்போனது.

புகை விடாத லாரிகளுக்கான சட்டம் அன்று பத்தரை மணிக்கு, பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் குழுவில் ஓட்டுக்கு வருகிறது. அதற்கு லீவன் எழுதிய திருத்தம் ஒரே வரி: புகைபோக்கி உள்ள எந்த லாரியும் சுத்தமான லாரி ஆகாது. திபோ எழுதியதும் ஒரே வரிதான்: செயற்கை டீசலில் ஓடினால் அதுவும் சுத்தமான லாரியே. திபோ லாரி கம்பெனிகளின் சங்கத்துக்காகப் பேசுகிறவன். அவன் எழுதித் தருவான், உறுப்பினர்கள் தங்கள் பெயரைப் போட்டுத் தாக்கல் செய்வார்கள். ஒரு மகானுபாவர், 'உங்கள் பெயரை இங்கே நிரப்பவும்' என்று இருந்ததைக்கூட அழிக்காமல் அப்படியே தாக்கல் செய்திருந்தார்.

"திபோவோடதுதான் முதல்ல ஓட்டுக்கு வருது," என்றாள் எல்கெ. "அது ஜெயிச்சிட்டா, அதுக்கு எதிரானதெல்லாம் தானா விழுந்துடும். உங்க வரியை ஓட்டுக்கே எடுக்க மாட்டாங்க."

லீவனுக்கு வயிறு எரிந்தது. இந்தக் கட்டடத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர் எழுதியதில் ஒரு வரிகூடச் சட்டமானதில்லை. வில்வோர்டெ ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் அக்கா ஜன்னலைத் திறந்தே வருஷக்கணக்காகிறது. இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம், "ஏதாவது பண்ணேன்டா" என்பாள். போன வாரம் தன் திருத்த வரியை அவளுக்குப் படித்தும் காட்டிவிட்டார்.

காபி குடிக்கலாம் என்று கீழே இறங்கினார். அங்கே திபோ நின்றிருந்தான், சுற்றி நாலு உறுப்பினர்கள். ஒருவர் அவன் தோளில் கை போட்டிருந்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் காபிக்காரப் பெண் அவனுக்குப் பிடித்ததைக் கலந்து நீட்டினாள். லீவனைப் பார்த்து மட்டும், "உங்களுக்கு என்ன?" என்றாள். பதினோரு வருஷமாக அவர் குடிப்பதும் ஒரே காபிதான். திபோவின் நீலக் கோட்டு அவனுக்கு எடுப்பாக இருந்தது. அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

திபோ கையில் ஒரு கத்தைத் தாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே பிளஸ் அல்லது மைனஸ். பிளஸ்ஸுக்குக் கை தூக்க வேண்டும், மைனஸுக்குத் தூக்கக் கூடாது. உறுப்பினர்கள் ஆளுக்கொன்று வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கூட்டம் கலைந்ததும் லீவன் மானத்தை விட்டு அவன் பக்கத்தில் போனார்.

"திபோ, அந்தத் தாள்ல என் வரிக்கு..."

"மைனஸ்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

"மீதித் தாள்லயாவது பிளஸ்ஸா மாத்திடுங்களேன். குறுக்கே ஒரு கோடு கிழிச்சாப் போதும்."

திபோ சிரித்துவிட்டான். "கம்பெனிக்காரங்க என் தோலை உரிச்சிடுவாங்க. நல்ல வரிதான், நான் இல்லேன்னு சொல்லல. நீங்களே உறுப்பினர்களைப் பாத்துப் பேசலாமே?"

"பேசாமலா இருக்கேன்? ஒருத்தருக்கு நேரமில்ல. இன்னொருத்தர் உங்க தாளைப் பாத்துட்டுச் சொல்றேங்கறார். நீங்க எழுதினா வேதவாக்கு, நான் எழுதினா குப்பை. அப்படி என்னதான் இருக்கு உங்ககிட்ட?"

இப்படிக் கேட்டது அவருக்கே அவமானமாக இருந்தது.

திபோ மீதித் தாள்களை அடுக்கிக்கொண்டான். பிறகு, அவர்களுக்குப் படிக்க நேரமில்லை, அவர்களுக்காக நான் படிக்கிறேன், அவ்வளவுதான் விஷயம் என்றான். "உண்மையைச் சொன்னா, உங்களைப் பாத்தா எனக்குத்தான் வயித்தெரிச்சல்."

"கிண்டல் பண்றீங்களா?"

அதற்குள் மணி அடித்தது. இருவரும் சேர்ந்தே அரங்குக்கு நடந்தார்கள்.

கடைசியில் கிடந்த பார்வையாளர் நாற்காலிக்கருகே திபோ நின்றுகொண்டான். அதைத் தாண்டிப் போகவோ, கை தூக்கவோ அவனுக்கு உரிமை இல்லை. லீவன் முன்வரிசைக்குப் போய், எழுபதாயிரம் பேர் ஓட்டுப் போட்டு அனுப்பிவைத்த உறுப்பினருக்கான தன் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திபோவின் வரிக்குக் கை தூக்கினார்.