நேற்றைய தேதியிட்ட விசாரணை

அரசு ஊழியர் எவரையும் அவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கலாகாது என்பது சட்டம். அந்த வாசகம் விசாரணை அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது.

மயங்கி விழுந்த பயணிக்காகப் பேருந்தைத் தடம் மாற்றி மருத்துவமனைக்கு ஓட்டிய ஓட்டுநர், வேலை போய்விடக் கூடாதே என்று விசாரணை அதிகாரி முன் ஒரு மணி நேரம் பேசினார். முடித்ததும் தட்டச்சர் கையெழுத்துக்குத் தாள்களை நீட்டினாள். நேற்றைய தேதி இருந்தது.

“என்னம்மா, நேத்தே அடிச்சு வச்சுட்டியா?”

“இன்னைக்கு கரண்ட் இருக்காதுன்னாங்கண்ணே. படிச்சுப் பாருங்க, ஒரு வார்த்தை தப்பிருக்காது.”

இருக்கவில்லை. அன்று ஸ்டியரிங்கில் தன் கை நடுங்கியதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் இன்றுதான் சொல்லியிருந்தார், அதுவும் இருந்தது. நடுவில் இருமியது இருந்தது. ‘என்னம்மா, நேத்தே அடிச்சு வச்சுட்டியா?’ என்பதும் இருந்தது.

கடைசித் தாளைப் புரட்டினார். ‘பணிநீக்கம்’ என்றிருந்தது.

“ஐயா,” என்று அதிகாரியைக் கூப்பிட்டார். “ஐயா, நான் பேசினதைக் கேட்டீங்களா?”

ஓட்டுநர் குனிந்து, தாளின் கடைசி வரியைப் படித்தார்: ‘ஊழியர் இருமுறை அழைத்தார். அதிகாரி குறட்டை விட்டார்.’

அதிகாரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.